வலை ஈயம் காட்டிக்கொடுத்த வரி

திருவொற்றியூர்க் கடலோரத்தில் எங்கள் ஆயா வீடு இருந்தது. அதற்கும் கிழக்கே இன்னும் இரண்டு வரிசை வீடுகள், ஒரு மாரியம்மன் மேடை, வலை காயப்போடும் மணல்வெளி, அப்புறம்தான் கடல். இப்போது அத்தனையும் அலைக்குள் இருக்கிறது. சாலையை ஒட்டிக் கொட்டிய பாறாங்கற்கள்தான் கரை. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்ததிலிருந்தே, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தேங்கிவிட்டது. மெரினா அகலமாகிக்கொண்டே போனது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கள் பக்கம் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு மழைக்காலத்தில் கடல் சமையலறைச் சுவரைத் தொட்டபோது ஆயா பாத்திரம் பண்டங்களோடு வெளியே வந்தவர். எல்லாவற்றையும் எடுத்துவர முடியவில்லை.

அந்த இடத்தில் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அதற்காக ஒரு மெட்டல் டிடெக்டரை நானே கட்டினேன். கட்டியது, கெட்டது, திருத்தியது, கடைசியில் கிடைத்தது எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் நண்பர் ஒருவரிடம் சாதாரண டிடெக்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். ஒரே அலைவரிசையில் இடைவிடாமல் வேலை செய்யும் வகை. காய்ந்த மணலில் அருமையாக இருந்தது. பாட்டில் மூடி எது, நாணயம் எது என்று சத்தத்திலேயே பிரித்துக் காட்டியது. ஈர மணலில் கால் வைத்ததும் காது கிழிய அலற ஆரம்பித்தது. உணர்திறனைக் குறைத்தால் அலறல் நின்றது, கூடவே மோதிரத்தைக் கண்டுபிடிக்கும் திறமையும் போய்விட்டது.

காரணம் இரண்டு. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஈர மணல் முழுவதையும் டிடெக்டர் ஒரு பெரிய உலோகத் தகடாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, நம் கரையில் இருக்கும் கருமணல். கையளவு காய்ந்த மணலை ஒரு காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். கறுப்புத் தூள் முள் முள்ளாக எழுந்து நின்று காந்தத்தின் கூடவே ஓடும். மேக்னடைட்டும் இல்மனைட்டும் கலந்த தூள் அது. உப்புக்கு ஏற்ற மாதிரி திருகினால் கருமணல் கத்தும், கருமணலுக்குத் திருகினால் உப்பு கத்தும்.

இதற்கு மாற்று பல்ஸ் இண்டக்ஷன் முறை. கம்பிச் சுருளுக்குள் ஒரு கணம் மின்சாரத்தைச் செலுத்தி, சட்டென்று வெட்டிவிட்டு, காத்திருந்து கேட்கும் கருவி அது. கிணற்றில் குரல் கொடுத்துவிட்டு எதிரொலிக்குக் காது கொடுப்பது மாதிரி. மின்சாரம் நின்ற பிறகும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். உப்புத்தண்ணீரில் அது மிகச் சீக்கிரம் செத்துவிடும், மோதிரத்தில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மின்சாரத்தை வெட்டி 12 மைக்ரோ விநாடி கழித்துக் கேட்கிற மாதிரி வைத்தால் உப்பின் சத்தம் அடங்கியிருக்கும், தங்கத்தின் சத்தம் மட்டும் மிச்சம் இருக்கும். இதில் ஒரு குறை உண்டு. இரும்பு வேறு, தங்கம் வேறு என்று அது பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றுக்கும் ஒரே கூவல்தான், தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

சர்க்யூட் போர்டை ஆன்லைனில் வாங்கினேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கனெக்டர், பேட்டரி ஹோல்டர், மின்சாரத்தை வெட்டும் மாஸ்ஃபெட்டுக்கு மாற்றாக இரண்டு. 18650 லித்தியம் செல் மூன்றைத் தொடராக இணைத்தால் 11 வோல்ட் சொச்சம் வரும், அதுவே போதும். போர்டையும் பேட்டரியையும் ரப்பர் வளையம் வைத்த டிபன் டப்பாவுக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இதெல்லாம் ஒரு நாள் வேலை. மிச்ச மாதங்கள் எல்லாம் சுருளுக்கே போயின.

மோட்டார் காயில் கட்டும் கடையில் 25 கேஜ் எனாமல் கம்பி வாங்கினேன், அரை மில்லிமீட்டர் தடிமன். பிளைவுட் பலகையில் 20 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் போட்டு, அதன் மேல் 16 ஆணி அடித்து, ஆணிகளுக்கு ஸ்ட்ரா மாட்டி, 26 சுற்று. ஸ்ட்ரா எதற்கென்றால், ஆணியின் கரடு எனாமலைச் சுரண்டிவிடக் கூடாது. ஒரு இடத்தில் எனாமல் உரிந்து இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டால் மொத்தமும் வீண். பூக்கட்டும் நூலால் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு போட்டு, கட்டை இறுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஆணிகளைப் பிடுங்கினேன். சுருளின் தூண்டலை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் 350 மைக்ரோஹென்றி வாக்கில் வந்தது. மொத்தக் கம்பியும் 16 மீட்டர் சொச்சம், எடை 30 கிராம் கூட இல்லை. மின்சாரத்தை வெட்டியதும் சுருளில் எழும் ஆட்டத்தை அடக்கும் ரெசிஸ்டருக்குப் பதில் ஆயிரம் ஓம் வேரியபிள் ரெசிஸ்டரை வைத்துத் திருகிப் பார்த்து, 680 ஓமில் நிறுத்தினேன்.

பத்து லிட்டர் பெயிண்ட் பக்கெட்டின் மூடிதான் சுருளுக்கு வீடு. அதில் சுருளை வைத்து ரெசின் ஊற்ற வேண்டும். ரெசினுக்குக் காசிமேட்டை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை. ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்கள் அதையேதான் தினமும் கலக்குகிறார்கள். ரெசின், அதை இறுக வைக்கும் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட், வலுவுக்குக் கண்ணாடி இழை மேட் எல்லாம் அங்கே கிடைத்தது. கொடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கு, நன்றாகக் கலந்த பிறகு கேட்டலிஸ்டை விடு, அவை இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்துவிடாதே. வெடிக்கும். இதை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

நான் செய்த தவறு வேறு. கத்திரி வெயிலில், மொட்டை மாடியில், மொத்த ரெசினையும் ஒரே தடவையில் ஊற்றிவிட்டேன். ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும், தடியாக ஊற்றினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. கால் மணி நேரத்தில் மூடியைத் தொட முடியவில்லை. ஆறின பிறகு பார்த்தால், கேபிள் உள்ளே நுழையும் இடத்திலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று. அதன் மேல் சிலிக்கான் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடலில் அது இருபது நிமிடம் தாங்கியது. சீராக டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெல்ல இழுபட ஆரம்பித்து ஊளையாக மாறியது. வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் காயவைத்தால் சரியாகிவிட்டது. திரும்பக் கடலில் இறக்கினால் திரும்ப ஊளை. மூன்றாவது தடவை பொறுமை போய், ரம்பத்தால் அறுத்துத் திறந்தேன். சால்டர் வைத்த இடத்தில் செம்புக் கம்பி பாசி நிறத்தில் பச்சையாகப் பூத்திருந்தது, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. விரிசல் வழியாக உப்புநீர் போயிருக்கிறது. அதைவிட, நான் பூசிய சிலிக்கான் வினிகர் வாடை அடிக்கும் ரகம். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அந்த அமிலம் செம்பை அரிக்கும். குளியலறை ஓரத்துக்கு ஏற்ற சரக்கு அது, மின் இணைப்புக்குக் கிட்டேயே வரக்கூடாது. வாடை வராத நியூட்ரல் வகை தனியாகக் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இரண்டாவது சுருளை ஆடி மாதத்தில், மாலை நேரத்தில் செய்தேன். கேட்டலிஸ்டை முதல் தடவை போட்டதில் பாதியாகக் குறைத்தேன். அரை விரல் கனத்துக்கு ஒரு அடுக்கு, அது ஆறின பிறகு அடுத்தது என்று மூன்று அடுக்கு. அடியிலும் மேலும் கண்ணாடி மேட். எடைக்காக ரெசினில் டால்கம் பவுடர் கலந்தேன். உள்ளே காற்று இருந்தால் சுருள் தண்ணீரில் மிதந்து கையை மேலே இழுக்கும், ஒவ்வொரு அலையிலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கடல் மணலைக் கலந்தால் சுலபம்தானே என்று தோன்றும். அதில் இருக்கும் கருமணல் சுருளோடு ஒட்டிக்கொண்டே வரும், வேண்டாம். சால்டர் இணைப்பை மூடி மட்டத்துக்கு மேலே தூக்கி, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, அதன் மேல் ரெசின் விட்டேன். கேபிள் நுழையும் இடத்தில், தண்ணீர் புகாமல் அதை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளாண்ட். கைப்பிடி முக்கால் இஞ்சு பி.வி.சி. பைப், போல்ட் நைலான். இரும்பு போல்ட் ஒன்று அங்கே இருந்தால் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டியில் உப்பு போட்டு ஊறவைத்துவிட்டுப் பார்த்தேன். சத்தத்தில் மாற்றம் இல்லை.

அப்புறம் ஆயாவின் நகைகளை மேஜையில் வைத்துச் சோதனை. மோதிரம் 22 செ.மீ. தள்ளியே கேட்டது. மூக்குத்தி 6 செ.மீ. என்னை யோசிக்க வைத்தது சங்கிலிதான். இரண்டு பவுன் சங்கிலி, மோதிரத்தைப் போல நாலைந்து மடங்கு எடை, ஆனால் 7 செ.மீ. வந்தால்தான் லேசாக முனகியது. அதுவும் கொக்கி இருக்கும் பக்கம் மட்டும். சுழல் மின்னோட்டம் ஓடுவதற்கு ஒரே வளையமாக உலோகம் வேண்டும். சங்கிலி என்பது ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் குட்டிக் குட்டி வளையங்கள், டிடெக்டருக்கு அவை தூசி. கடலில் சங்கிலி தொலைத்தவர்கள் யாராவது கருவியோடு வந்து தேடித் தரச் சொல்லிக் கேட்டால், இதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுவது நியாயம்.

வற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் கடல் வற்றி ஏறுவது, அமாவாசை பௌர்ணமி ஒட்டிய நாட்களிலேயே, சுமார் ஒரு மீட்டர் உயரம்தான். குஜராத்தின் காம்பே வளைகுடா மாதிரி பத்து மீட்டர் இறங்கி மைல் கணக்கில் தரை தெரியாது. நமக்குக் கிடைப்பது சரிவில் ஏழெட்டு மீட்டர் அகலம், இரண்டு மணி நேரம். வற்றும் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் வாக்கில் தள்ளிப்போகும். கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அட்டவணையைப் பார்த்து, வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கிவிடுவேன். பருவம் இன்னும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, மார்கழி தையில், மேல் மணல் வெட்டிக்கொண்டு போயிருக்கும். கோடையில் இடுப்பளவு மணலுக்கு அடியில் இருப்பது அப்போது முழங்கை ஆழத்தில் இருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் முதல் ஐந்து தடவையும் எனக்கு ஈயம்தான் கிடைத்தது. வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயக் குண்டுகள். ஒரு மாலைக்கு நாற்பது, ஐம்பது. ஒவ்வொன்றும் மோதிரம் மாதிரியே கூவும். கூடவே துருப்பிடித்த ஆணி, படகுப் பட்டை, பழைய அலுமினியப் பத்துப் பைசா, பூப்போன்ற அதன் விளிம்பெல்லாம் உப்பு தின்று பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. ஒரு ரூபாய்க் காசுகளைத் தோண்டக்கூடத் தேவையில்லை. 1992-க்குப் பின் வந்தவை காந்தம் பிடிக்கும் எஃகு. கயிற்றில் காந்தம் கட்டி இழுத்துப் போகும் பையன்களுக்கே அவை போய்ச் சேரட்டும்.

பாறை மேல் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் ஈயத்தைத் தூக்கித் தனியாக வீசுவதைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி அத்த வீசுற? ஈயம் எங்க உக்காருதோ அங்கதான் கனமானது எல்லாம் உக்காரும்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குக் கடல் புரிந்தது. அரிசி அரிக்கும்போது ஆயா என்ன செய்வார்? பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டிக்கொண்டே அரிசியை வேறு பாத்திரத்துக்குத் தள்ளுவார், கல் அடியில் தங்கிவிடும். கடலும் அதையேதான் செய்கிறது. மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம், ஈயம் 11.3 மடங்கு, 22 காரட் தங்கம் 17.7 மடங்கு. ஒவ்வொரு அலையும் மணலைத் தூக்கித் தள்ளுகிறது, கனமானது இருந்த இடத்திலேயே இறங்குகிறது. கிளிஞ்சல் படிந்த கெட்டித் தரை வந்ததும் அதற்கு மேல் இறங்க முடியாமல் அங்கே நின்றுவிடுகிறது. வெறும் ஈயம் என்று நான் சலித்துக்கொண்ட அத்தனை குண்டும் எனக்கு வழி சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

அன்றிலிருந்து ஈயம் கிடைத்த இடத்தை எல்லாம் நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். தூண்டில் வளைவு ஒன்றிலிருந்து (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட பாறைச் சுவர்) எத்தனை அடி, எவ்வளவு ஆழம், அடியில் கிளிஞ்சலா களிமண்ணா. நான்கு மாலையில் ஒரு கோடு தெரிந்தது. தூண்டில் வளைவின் வடக்குப் பக்கம், அலை திரும்பி இழுக்கும் மூலையில், நீர்விளிம்புக்குச் சற்று உள்ளே, சாலைக்கு இணையாக முப்பது அடி நீளத்துக்கு ஒரு வரி. அதற்கு வெளியே போவதையே நிறுத்திவிட்டேன்.

தை அமாவாசைக்கு மறுநாள். முந்தின நாள் தர்ப்பணக் கூட்டம் விட்டுப்போன எள்ளும் பூவும் ஒதுங்கிக் கிடந்தன. பிற்பகல் மூன்றேகால் மணிக்கு வற்றம். வரியின் தெற்கு முனையில் ஆரம்பித்தேன். ஈயம், ஈயம், ஒரு பித்தளைத் தாழ்ப்பாள், ஈயம். மண்வெட்டியால் அள்ளி அன்னக்கூடையில் கொட்டி அலையில் ஆட்டுவேன், மணல் ஓடிப்போய் கிளிஞ்சலும் கல்லும் மிஞ்சும். ஒரு தடவை மிஞ்சியதில் கரிக்கட்டை போல ஒரு சுருள் இருந்தது. துருப்பிடித்த ஸ்பிரிங் என்றுதான் எடுத்தேன். விரலால் தேய்த்தபோது மூன்று சுற்றும், சுற்றின் மேல் வெட்டிய சாய்கோடுகளும் தெரிந்தன. வெள்ளி மெட்டி. கடலடிச் சேற்றின் கந்தகம் ஏறி வெள்ளி அப்படிக் கறுத்துவிடும்.

அரை மணி நேரம் கழித்து, அங்கிருந்து ஆறடி வடக்கே, மென்மையான, அகலமான ஒரு கூவல். முழங்கை ஆழம். இரண்டு தடவை தோண்டிய குழியை அலை மூடியது. மூன்றாவது அள்ளலில் சத்தம் குழியிலிருந்து கூடைக்கு மாறியது. கிளிஞ்சல்களுக்கு நடுவே மஞ்சள். கறுப்பில்லை, பச்சையில்லை, ஒரு புள்ளி கறை இல்லை. தங்கத்தைக் கடல் தொடுவதே இல்லை. நெளி மோதிரம், உள்பக்கம் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. எத்தனை வருடம் ஒரு விரலில் இருந்திருந்தால் அப்படித் தேயும் என்று தண்ணீரில் நின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் எடை போட்டேன். 3.12 கிராம். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, பூஜ்யமாக்கி, மோதிரத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் தராசு 0.18 காட்டியது. வகுத்தால் 17.3. பித்தளை என்றால் எட்டரை வாக்கில் வரும், ஆகவே சந்தேகம் இல்லை. பத்தரிடம் காட்டியபோது உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, தரம் தெரிந்த தங்க ஆணியோடு ஒப்பிட்டு, அமிலம் தொட்டுப் பார்த்து, 22-க்குக் கொஞ்சம் கம்மி, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த பழைய கைவேலை என்றார். ஹால்மார்க் இல்லை. தங்கத்துக்கு அந்த முத்திரை 2000-ல்தான் வந்தது, கட்டாயமானது 2021-ல். அதனால் முத்திரை இல்லாததை மட்டும் வைத்துப் பழசு என்று சொல்லிவிட முடியாது, தேய்மானம்தான் சாட்சி.

மெட்டியை அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் போட்டு, ஆப்ப சோடாவும் கொதிநீரும் ஊற்றினேன். கெட்டுப்போன முட்டை வாடையோடு கறுப்பு மெல்ல விட்டது. இது வெள்ளிக்கு மட்டும்தான், பழைய நாணயங்களில் யாரும் செய்ய வேண்டாம்.

எடுத்தது எனக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ள முடியாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதை எடுத்தாலும் என்ன பொருள், எங்கே, என்றைக்கு என்று கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சமீபத்தில் யாரோ தொலைத்தது என்றால் அது அவர்களுடையது. இரண்டையும் படம் எடுத்து, தூண்டில் வளைவிலிருந்து தூரம் வரை எழுதி, கலெக்டர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். குழாயடியில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். இன்னொன்று, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆமை முட்டையிடும் காலம். ஈர மணலுக்கு மேலே உள்ள காய்ந்த பகுதியில் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது, ஈரத்தில் தோண்டியதையும் மூடிவிட்டுத்தான் நகர வேண்டும்.

இதையெல்லாம் எழுதி அனுப்புவதற்கு முன்னால் ஆயாவிடம் காட்டினேன். மோதிரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். மெட்டியைத்தான் விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் அந்தச் சாய்கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“என்துது இல்ல கண்ணு. ஆனா நம்ம வரிசைல பாதி பேரு இந்த மெட்டிதான் போட்டிருந்தோம். எங்க எடுத்த?”

நோட்டில் வரைந்த படத்தைக் காட்டினேன். தூண்டில் வளைவு, சாலை, வரி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வரியின் வடக்கு முனைக்கும் வடக்கே ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“கெணறு இங்க இருந்துது. தண்ணி சேந்தும்போது எல்லாரும் கழட்டி வெக்கிறதும் அங்கதான், தொலைக்கிறதும் அங்கதான்.”

அடுத்த பௌர்ணமிக்கு வற்றம் வெளிச்சத்திலேயே வருகிறது. ஆயாவை ஆட்டோவில் கூட்டிப்போய்ப் பாறைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அங்கிருந்தே கையைக் காட்டச் சொல்லப் போகிறேன்.